கோடு போட்ட இறால்

தம்பி: மீன் தொட்டியை நல்லா பாருங்க மாமா… இறால் மூணு இருக்கு.

மாமா: ஒண்ணுதான்டா. மத்த ரெண்டும் கண்ணாடியில தெரியுற நிழல்.

தம்பி: நிழலுக்கு மீசை ஆடுமா? அதோ பாறைக்குப் பின்னாடி ஒண்ணு… பம்ப் பக்கத்துல ஒண்ணு… உங்க மூக்குக்கு நேரா ஒண்ணு.

மாமா: உங்க அக்கா கிளம்பறப்போ எத்தனை இருந்துச்சு?

தம்பி: ஒரே ஒரு இறால். உங்களுக்குத் தெரியாதா?

மாமா: …குட்டி போட்டிருக்கும்.

தம்பி: பிறந்ததுமே அம்மா சைஸுக்கா?

மாமா: கடல் தண்ணி… உப்பு… சத்து அதிகம்ல.

தம்பி: கடல் தண்ணியா? உப்புத்தூளைக் கரைச்சு பாத்ரூம்ல கலக்கினது மாமா அது.

மாமா: நீ முழிக்கிற முழியே சரியில்லையே. என்ன பண்ணித் தொலைச்சே?

தம்பி: நானா? நீங்க முதல்ல…

மாமா: டேய், கீழே வண்டி வந்து நிக்குது. அவளாத்தான் இருக்கும். சொல்லு.

தம்பி: சரி, சரி… ஒரு நாள் சாயங்காலம் பார்த்தா இறால் செத்துக் கிடந்துச்சு. தூக்கிப் பார்த்தா உள்ள சதையே இல்ல மாமா. வெறும் கூடு. பட்டினியில உள்ளுக்குள்ளயே கரைஞ்சு போயிருக்கு.

மாமா: சாயங்காலம் சாப்பாடு போடறது உன் வேலைதானே?

தம்பி: மறந்துட்டேன்… ஒரு நாலஞ்சு நாள். காலையில நீங்க போடறீங்களே, அதுவே தாங்கும்னு விட்டுட்டேன்.

மாமா: காலையில… சரி, அப்புறம்?

தம்பி: அக்கா பயிற்சிக்குக் கிளம்பறப்போ என்ன சொன்னா? “திரும்பி வரும்போது தொட்டியில எல்லாம் உயிரோட இருந்தா அந்த வெளியூர் வேலைக்குப் போறேன், ஒண்ணு செத்தாலும் போகல. உங்களை நம்பி வீட்டை விட முடியாது”ன்னாளா இல்லையா? என்னால அவ வேலை கெடணுமா? அதான் கூட்டைச் செடித்தொட்டியில புதைச்சுட்டு, அதே மாதிரி கோடு போட்ட இறால் ஒண்ணு வாங்கி விட்டேன்.

மாமா: எந்தச் செடித்தொட்டி?

தம்பி: ஜன்னலோரம் இருக்கே, அது. ஏன்?

மாமா: நானும் அதுலதான் புதைச்சேன்.

தம்பி: எதை?

மாமா: இன்னொரு கூட்டை.

தம்பி: அடப்பாவி மாமா! நீங்களும் வாங்கி விட்டீங்களா? அப்போ… இருந்தது ஒண்ணு, செத்தது ரெண்டு, வாங்கினது ரெண்டு…

மாமா: அப்படிப் பார்த்தாலும் ஒண்ணுதான்டா இருக்கணும். செத்ததெல்லாம் திரும்பி வந்துடுச்சா?

அக்கா: யாரு திரும்பி வந்தது? கதவை ஆவென்னு திறந்து போட்டுட்டு, ரெண்டு பேரும் தொட்டிக்குள்ள தலையை விட்டு என்ன பண்றீங்க?

மாமா: வாம்மா, வா… பிரயாணமெல்லாம் சௌகரியமா?

அக்கா: தள்ளுங்க, பார்ப்போம். கோமாளி மீன் ரெண்டும் இருக்கு… பாறையில ஒட்டின கடல் சாமந்தி பூ மாதிரி கையெல்லாம் நல்லா விரிச்சிருக்கு… சங்கு நண்டு இருக்கு… இது என்ன, இறால் மூணு?

தம்பி: குட்டி போட்டிருக்கும்க்கா.

அக்கா: அடேய்…

தம்பி: செத்துப்போச்சுன்னு நான் ஒண்ணு வாங்கி விட்டேன். மாமாவும் ஒண்ணு. வெறும் கூடாக் கிடந்துச்சுக்கா, சத்தியமா!

அக்கா: அது சட்டைடா, மடையா! இறால் வளர வளர அடிக்கடி பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுடும். புது ஓடு இறுகற வரைக்கும் பாறை இடுக்குல பயந்து ஒளிஞ்சிருக்கும்.

தம்பி: அப்போ பட்டினியால இல்லையா?

அக்கா: பட்டினியா? தின்னு கொழுத்தாதான் சட்டை பத்தாமப் போகும்.

தம்பி: என்னத்தைத் தின்னுச்சு? நான்தான் போடவே இல்லையே… ஓ, மாமா காலையில போட்டதா?

மாமா: நானும் போடல.

அக்கா: என்னங்க சொல்றீங்க?

மாமா: வேணும்னேதான் போடல. பம்பை நிறுத்துவேன். கணவாய்த் துண்டைக் குச்சியில குத்தி எடுத்துக்கிட்டு நிப்பேன். சாமந்தி கையைக் கையை நீட்டும்… அப்படியே கொண்டுபோய்த் திரும்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவேன்.

தம்பி: மாமா!

மாமா: ஒண்ணே ஒண்ணு செத்தாப் போதும், நீ போக மாட்டியேன்னு நினைச்சேன். நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாதும்மா… ஆனா அந்தக் கூட்டைக் கையில எடுத்தப்போ, ‘கொன்னுட்டோமே’ன்னு ஆயிடுச்சு. ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் ஒரு வேளைகூடத் தவறல.

தம்பி: நானும்தான்க்கா. கொஞ்சம் கூடவே போட்டேன்.

அக்கா: தண்ணி ஏன் கலங்கியிருக்குன்னு இப்போ புரியுது. அதுக்கு முன்னாடி பாறையில ஒட்டின பாசியைப் பொறுக்கித் தின்னு தாக்குப்பிடிச்சிருக்கும்.

மாமா: எல்லாம் உயிரோட இருக்குல்ல? நீ சொன்ன சொல்லு சொல்லுதான். போயிட்டு வா, நானே வந்து வண்டி ஏத்திவிடறேன்… திட்டறதுன்னா திட்டிடு.

அக்கா: எந்த வாயால திட்டறது? பயிற்சின்னு சொன்னது பொய்ங்க. அந்த வெளியூர் வேலையிலயே சேர்ந்தாச்சு, இப்போ லீவு போட்டுத்தான் வந்திருக்கேன். இந்தப் பொய்யை உங்ககிட்ட எப்படி ஒத்துக்கறதுன்னு தெரியல, தொட்டியை வெச்சு நிபந்தனை போட்டதும் சும்மா சாக்குக்குத்தான்… ஏதாவது ஒண்ணு செத்துக் கிடந்தா, அந்தக் கோவத்துல ஒரு சண்டையைப் போட்டுச் சொல்லிட்டுக் கிளம்பிடலாம்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன்.