ரெண்டு மணி நேரக் கோளாறு

இல்ல தம்பி, அப்படி உதைச்சா வராது. கால எடுங்க. இப்ப வர்ற வண்டி மாதிரி பட்டன அமுக்குற சமாச்சாரம் இல்ல இது. மொதல்ல பெட்ரோல் டேப்ப தொறங்க, டேங்குக்கு கீழ, இடது பக்கம். ம். இப்ப சோக்க தூக்கி விடுங்க. கிக்கர உதைக்காதீங்க, சும்மா காலால அழுத்திக்கிட்டே வாங்க. ஒரு இடத்துல கெட்டியா நிக்கும். நின்னுச்சா? அத லேசா தாண்ட விடுங்க. இப்ப கிக்கர மேல வர விட்டு, ஒரே உதை.

பாத்தீங்களா. அவ்ளோதான். சோக்க உடனே இறக்காதீங்க, கொஞ்சம் சூடாகட்டும். சத்தம் சீரா வருதுல்ல. சரி, இப்ப அணைச்சிடுங்க, பேசறது கேக்கல. அந்த ஸ்டூல இழுத்து போட்டுக்கோங்க. துணி போட்டு தொடச்சிட்டேன், கிரீஸ் ஒட்டாது.

மலைக்கு போறதுக்குத்தான் தேடறீங்களா? அதுக்கு ஏத்த வண்டிதான். ரோட்லயும் போகும், ரோடு முடிஞ்ச எடத்துலயும் போகும். அதுக்காகத்தான் முன்னாடி மட்கார்டு அவ்ளோ உசரத்துல இருக்கு, சேறு அடைக்காம. சைலன்சரும் மேலாக்க போகுது பாருங்க, தண்ணில எறங்கினாலும் அணையாது. சீட்டுதான் ஒசரம். நான் ஏறினா ரெண்டு காலும் தரைக்கு எட்டாது. எங்க வீட்டுக்காரரு நல்ல ஒசரம், அவருக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி இருக்கும்.

அவரு கரண்ட் கம்பெனில லைன் பாக்கற வேலை. பெரிய டவர் இருக்குல்ல, காட்டுக்குள்ள, பாறை மேலெல்லாம் வரிசையா போகுமே, அத ஒவ்வொண்ணா போய் பாத்து சரியா இருக்கான்னு நோட்ல எழுதணும். ஆபீஸ்ல ஜீப்பு குடுத்தாங்க, வேணாம்னுட்டாரு. ஜீப்பு போகாத எடத்துக்கு எதுக்கு ஜீப்புன்னு கேட்டாரு. இத வாங்கும்போதே பழசு. இருபத்தேழு வருஷம் ஓட்டினாரு.

கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. சாமான் கெடைக்குமான்னா கெடைக்காதுன்னுதான் சொல்லணும். கம்பெனி இத நிறுத்தியே எத்தனையோ வருஷம் ஆச்சு. பிஸ்டன் ரிங்கு தண்ணி பம்பு இன்ஜின்ல இருந்து எடுத்தது, அளவு அப்படியே ஒத்து வந்துச்சு. கிளட்ச் மூடிக்கு கேஸ்கெட் வேணும்னா தடி அட்டைய வெட்டி எண்ணெய்ல ஊற வெச்சு போட்டுக்கலாம், நான் வெட்டித் தரேன். முன்னாடி ஃபோர்க்குல எண்ணெய் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு, சீல் மாத்திட்டேன். செயினு புதுசு. ஸ்போக்குல பதினோரு கம்பி மாத்தியிருக்கு. ரிம்ம நேர் பண்றதுக்குத்தான் ஒரு வாரம் ஆச்சு. சுத்தி விட்டு சுத்தி விட்டு பாத்துக்கிட்டே இருக்கணும்.

நான்தான். ஆமா, நானேதான் பண்ணினேன். எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க.

நான் கண்ணாடிக் கடைல இருக்கேன். ஃபிரேமுக்கு லென்ஸ அளவா தேய்ச்சு மாட்டற வேலை. பத்தொன்பது வருஷமா அதான். அந்த ஸ்க்ரூவெல்லாம் எறும்பு தலை அளவுதான் இருக்கும், அதோட பாத்தா இது எனக்கு வண்டி மாடு சைஸு. கார்புரேட்டர் ஜெட்ட கழட்டறதுக்கு கடை ஸ்க்ரூ டிரைவர்தான் எடுத்துட்டு வருவேன். மொதலாளிக்கு தெரியாது.

ஓ, அத கவனிச்சிட்டீங்களா. பரவால்ல, வண்டி பாக்க தெரிஞ்சவங்கதான் நீங்க. ஆமா, ஸ்க்ரூ தலையெல்லாம் மழுங்கித்தான் கெடக்கு. இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கற வண்டில அது ஏன் அப்படின்னு தோணும். மூணு வருஷமா தெனம் கழட்டி தெனம் மாட்டினது. கோளாறு வண்டிக்கு இல்ல தம்பி.

சொல்றேன். அதுவும் வண்டிய சேந்ததுதான்.

அம்பத்தஞ்சாவது வயசுல அவருக்கு மறதி வந்துச்சு. சாவிய எங்க வெச்சேன்னு தேடற மறதி இல்ல. ஒரு நாள் டவர்கிட்ட இருந்து எனக்கு போன் பண்றாரு, வீட்டுக்கு எப்படி வரணும்னு கேக்கறாரு. வெளையாடறாருன்னு நெனச்சு நானும் சிரிச்சுட்டேன். மூணாவது தடவ கேக்கும்போதுதான் குரல கவனிச்சேன். அப்பறம் வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நல்லபடியாத்தான் அனுப்பினாங்க, குத்தம் சொல்லக்கூடாது.

நான் வேலைக்கு போயாகணும். அவரு தனியா இருக்கணும். பூட்டிட்டு போக மனசு வரல. பூட்டாம போனா எழுந்து நடந்து போயிடுவாரு. ரெண்டு தடவ லாரி நிக்கற எடத்துல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. ஒரு தடவ மழைல நனைஞ்சுக்கிட்டு, ஆபீஸ் வண்டி வரும்னு நின்னுக்கிட்டு இருந்தாராம். நாத்தனார் போன் பண்ணி, எங்கயாவது சேத்துடுங்க அண்ணி, எத்தன நாளைக்கு நீங்க ஒருத்தரே பாப்பீங்கன்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. டாக்டர கேட்டா, கைக்கு ஏதாவது வேலை குடுங்க, பழகின வேலையா குடுங்கன்னாரு.

அப்ப ஒரு நாள் இந்த வண்டில கிளட்ச் கேபிள் அந்துச்சு. நெஜமாவே அந்துச்சு, நிறுத்தி வெச்ச வண்டில. அவரு சாயங்காலம் வரைக்கும் இங்கயே, இந்த ஷெட்டுல உக்காந்து, பழைய கேபிள்ல ஒண்ண எடுத்து ஈயம் வெச்சு பத்த வெச்சு மாட்டிட்டாரு. நான் வந்து பாக்கறேன், கையெல்லாம் கருப்பு, மூஞ்சி தெளிவா இருக்கு. சாப்பிட்டாரு, தூங்கினாரு. என் பேரு அன்னிக்கு அவருக்கு வரல, ஆனா கேபிளுக்கு எவ்ளோ தொய்வு விடணும்னு தெரிஞ்சிருக்கு.

மறுநாள் வண்டி நல்லா இருந்துச்சு. செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. நடந்து போயிட்டாரு.

அதுக்கு அடுத்த நாள் காலைல அவரு குளிக்கும்போது நான் வந்து பிளக் மூடிய கழட்டி விட்டுட்டு வேலைக்கு போனேன்.

அவ்ளோதான், அப்படியே பழகிடுச்சு. எந்தக் கோளாறுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு எனக்கு அத்துப்படி. பிளக்குக்கு கரண்டு விடற பாயின்ட்டுக்கு நடுவுல மெல்லிசா ஒரு காகிதம் செருகி விட்டா அர மணி நேரம். பெட்ரோல் வர்ற ஜெட்டு ஓட்டைக்குள்ள நூல் துண்டு விட்டா ரெண்டு மணி நேரம். ரெண்டு ஒயர மாத்தி சொருகினா மதியம் தாண்டிடும். கடைல லென்ஸ் தேய்ச்சுக்கிட்டே நாளைக்கு என்ன பண்ணலாம்னு யோசிப்பேன். கல்யாணம் ஆன புதுசுல நாளைக்கு என்ன சமைக்கலாம்னு யோசிச்ச மாதிரி. சிரிங்க, பரவால்ல. எனக்கும் அப்ப சிரிப்பு வரும்.

சாயங்காலம் நான் வந்ததும் சொல்லுவாரு, யாரோ வேல தெரியாதவன் இதுல கைய வெச்சிருக்கான்னு. நீங்க எந்த மெக்கானிக்குகிட்ட விட்டீங்கன்னு என்னையே கேப்பாரு. இனிமே அவன்கிட்ட விடலங்கன்னு சொல்லுவேன்.

ஆனா ஒரு கட்டுப்பாடு வெச்சிருந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகாத கோளாறு மட்டும்தான். ஓடற வண்டில வைக்கற கோளாறு கெடையாது. டயரு, பிரேக்கு, செயினு, இதுங்கள தொட மாட்டேன். சாவியும் என் பைலதான் இருக்கும்.

எது, டேங்க்லயா? ஆமா, நெளிஞ்சிருக்கு. வலது பக்கம். தட்டி எடுத்துப் பாத்தேன், முழுசா வரல. ஆமா, விழுந்த வண்டிதான். மறைக்கல, நீங்க கேக்கலன்னாலும் சொல்லியிருப்பேன். ஒம்போது மாசம் ஆச்சு.

அவருக்கு கை வேகம் வந்துடுச்சு. அதான் விஷயம். வேற எல்லாம் மறந்துக்கிட்டே வருது, இது மட்டும் கூர்மையாகிக்கிட்டே போகுது. காகிதத்த பத்து நிமிஷத்துல எடுத்துடறாரு. ஜெட்டு இருபது நிமிஷம். நான் பஸ்ல ஏறி கடைக்குப் போறதுக்குள்ள வேல முடிஞ்சு, மறுபடி வெளிய கெளம்பிடறாரு. அன்னிக்கு ஏதோ பள்ளிக்கூடத்துக்கு இருநூறு கண்ணாடி, ராத்திரிக்குள்ள அனுப்பணும்னு மொதலாளி மொத நாளே சொல்லிட்டாரு. நேரம் ஆகும். அவரு செய்யற வரிசை எனக்கு தெரியும். மொதல்ல இன்ஜின், அப்பறம் செயின், அப்பறம் முன் பிரேக்கு, பின் பிரேக்கு. எத சரி பண்ணினாலும் அந்த வரிசைல ஒரு சுத்து பாக்காம கீழ துணிய வைக்க மாட்டாரு. ரிப்பேர் இருக்கோ இல்லயோ.

அதனால அன்னிக்கு ரெண்டு வெச்சேன். பாயின்ட்ல காகிதம். அது போக, முன் பிரேக் கேபிள்ல, கீழ சக்கரத்துகிட்ட, நட்டு. பாருங்க, இதான். இத முழுசா தளத்தி விட்டேன். காகிதத்த எடுத்துட்டு, சுத்தி வந்து, பிரேக்குல ஏதோ சரியில்லன்னு கண்டுபுடிச்சு, டிரம்ம கழட்டி, பட்டைய தேய்ச்சு. சாயங்காலம் ஆயிடும்னு கணக்கு.

காகிதத்த எடுத்துட்டாரு. வண்டி ஸ்டார்ட் ஆச்சு. சாவி எதுக்கு அவருக்கு, ரெண்டு ஒயர சேத்து முறுக்கினா போதும். அன்னிக்கு சுத்தி வரல. வேலைக்கு போற சட்டைய எங்க இருந்து எடுத்தாரோ, போட்டுக்கிட்டு, நான் மூடி வெச்சிருந்த சாப்பாட்ட டப்பால எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. எதிர் வீட்டு வாத்தியார் வாசல்ல நின்னு பாத்திருக்காரு. கைய தூக்கி காட்டினாராம். ஒடம்பு தேறிட்டாருன்னு சந்தோஷப்பட்டேன்மான்னு பின்னாடி ஆஸ்பத்திரில என்கிட்ட சொல்லி அழுதாரு. அவரு என்ன பண்ணுவாரு.

வழி தப்பாம போயிருக்காரு. கல்லு ஒடைக்கற எடத்த தாண்டி, மண் பாதைல பதினாலு கிலோமீட்டர். மேடுதான், பிரேக்கே தேவப்படல. நாப்பத்தி ஒண்ணாம் நம்பர் டவர். பாதி சாப்பாடு சாப்பிட்டிருந்தாரு. சட்டப் பைல நோட்டு இருந்துச்சு, டவர் நம்பர், தேதி எழுதி, எல்லாம் சரின்னு எழுதி வெச்சிருக்காரு. தேதிதான் மூணு வருஷம் பின்னாடி இருந்துச்சு.

எறங்கும்போது வளைவுல முன் பிரேக்க புடிச்சிருக்காரு. ஒண்ணும் இல்ல. சரளைல பின் பிரேக்க மட்டும் அழுத்தினா சக்கரம் சறுக்கிக்கிட்டு ஓடும், உங்களுக்கு தெரியும்ல. கல்லு லாரிக்காரங்க பாத்து தூக்கிட்டு வந்தாங்க. இடுப்பு எலும்பு. விலா.

பழைய வண்டி, பிரேக் விட்டுடுச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. நாத்தனாரும் அதான் சொன்னாங்க, அப்பவே அந்த சனியன எடைக்கு போட்டிருக்கலாம் அண்ணின்னு.

உக்காருங்க தம்பி, முடிச்சிடறேன்.

ஆறு நாள் இருந்தாரு. நாலாவது நாள் மத்தியானம் கண்ண தொறந்து என் பேர சொல்லி கூப்பிட்டாரு. ரெண்டு வருஷம் ஆச்சு அப்படி கூப்பிட்டு. பக்கத்துல போனேன். முன் பிரேக் புடிக்கவே இல்லன்னாரு. நட்டு தளந்திருக்கும், நான் பாக்காம வண்டிய எடுத்துட்டேன்னாரு. இத்தன வருஷத்துல பாக்காம எடுத்ததே இல்ல, அன்னிக்கு எப்படியோ புத்தி கெட்டுப் போச்சு. உன்கிட்டயும் சொல்லாம போயிட்டேன். கோச்சுக்காதன்னாரு.

தண்ணி குடுத்தேன். கோச்சுக்கலங்கன்னு சொன்னேன். இனிமே பாத்து எடுங்கன்னு சொன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு தூங்கினாரு. அதுக்கப்பறம் அவரு பேசல.

வீட்ல யாருக்கும் இது தெரியாது. சொல்லணும்னும் தோணல, சொல்லக்கூடாதுன்னும் தோணல. ஆனா வண்டிய வாங்கறவங்ககிட்ட சொல்லணும்ல. நாளைக்கு உங்க வீட்லயும் யாராவது ஏறி உக்காருவாங்க.

அந்த நட்டு புதுசு. பூட்டு வாஷர் போட்டு இறுக்கியிருக்கேன், தானா கழறாது. வேற ஏதாவது கேக்கணுமா, வண்டிய பத்தி?