நான்கு மணித்தியாலம் என்று எழுதியவள்

மேடையிலிருக்கும் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, மறைந்த கலாநிதி ஜெஸீமா அவர்களின் குடும்பத்தாரே, மடுல்கெல்லையிலிருந்து வந்து கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கும் எங்கள் தோட்டத்துப் பெண்களே, வணக்கம். நான் கலாநிதி அவர்களின் மாணவி சர்மிளா. முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததை வாசிக்கிறேன். அதிலும் அவரின் புகழைவிட என் குற்றமே அதிகம்.

கலாநிதி ஜெஸீமா அவர்கள் திகனவிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து, சிறுநீர்ப்பையின் உட்சுவரிலுள்ள உயிர்க்கலங்களை ஆராய்ந்தவர். இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. பை நிறைய நிறைய அந்தக் கலங்கள் விரிந்து கொடுக்கின்றன. போதும் என்று நரம்புக்குச் சொல்லியும் விடுகின்றன. சொல்லியும் கேட்காவிட்டால் என்ன ஆகும்? அதுதான் அவருடைய கேள்வி. கலங்களை மெல்லிய இறப்பர்த் தாளில் வளர்த்து, தாளை இழுத்துப் பிடித்து, மணிக்கணக்காகப் பார்த்திருப்பது எங்கள் வேலை.

எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிப்பது? முதல் நாளே அவர் கேட்டார்: “ஒரு பொம்பள ஆகக்கூட எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு இருப்பா?”

“நாலு மணித்தியாலம் மெடம். லெக்சர் நீண்டா அஞ்சு,” என்றார் சக மாணவர் அர்கம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எனக்குத் தெரியாதா? என் அம்மா பாலம்மா காலை ஆறரைக்குத் தேயிலை பறிக்க மலைக்கு ஏறினால், மாலை கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். பத்து மணித்தியாலம். அதைச் சொன்னால் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். குறிப்பேட்டில் நான்கு என்று என் கையாலேயே எழுதினேன். இரண்டு வருடம் அந்தப் பொய்யான நான்கிலேயே எங்கள் வேலை நடந்தது.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். பார்க்க வந்த மெடம் மெதுவாக விசாரித்தார். அம்மா ஒளிக்கவில்லை: “காலையில தண்ணியே குடிக்கிறதில்லீங்க. குடிச்சா மலையில எங்கிட்டுப் போறது?”

வெளியே வந்ததும் மெடம் கேட்டார்: “சர்மிளா மகள், ஒங்களுக்கு இது தெரியுமா?”

தெரியும் என்றேன். ஏசுவார் என்று காத்து நின்றேன்.

“நானும் கேக்க வேண்டிய ஆக்கள்ட்ட கேக்கல்ல,” என்றார்.

அந்தச் சனிக்கிழமையே மடுல்கெல்லைக்குப் போனார். பெண்களோடு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் நேரம் கேட்டு எழுதினார். ஐம்பத்தெட்டு வயதில், எல்லாவற்றையும் பத்து மணித்தியாலத்திலிருந்து மறுபடி தொடங்கினார். முடிக்க அவருக்கு நாள் இருக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தை அவரிடமிருந்து எடுத்தது யார்? நான்தான். அந்தப் பத்து மணித்தியால வேலையை நான் முடிப்பேன். நான்கு என்று எழுதியவள் யார் என்பதையும் அதில் மறைக்காமல் எழுதுவேன்.

இன்னும் ஒன்று. இதைக் கேட்பதா விடுவதா என்று காலையிலிருந்து தயங்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பெண்கள் விடிய ஐந்து மணி பஸ்ஸில் ஏறியவர்கள். இப்போது நேரம் பன்னிரண்டரை. மண்டபத்தின் பின்னாலுள்ள மலசலகூடம் பூட்டியிருக்கிறது. வரும்போதே பார்த்தேன், பார்த்துவிட்டு, இந்த முறையும் பேசாமல் வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் அவர்களே, அடுத்தவரைப் பேச அழைப்பதற்கு முன், தயவுசெய்து அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.