முழம் போடத் தெரியாத துணிக்காரர்

மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் முஸ்லிம் தொப்பி போட்ட ஒருவர், அறுபது வயதிருக்கும். பக்கத்தில் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கும் தோட்டத்துப் பெண். நடுவில் அவர்களுடைய நோட்டீஸ் மூட்டை. அவர் தன் பாட்டனாரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்கட மூத்தாப்பா தோட்டத்துல துணி விக்கப் போவாரு. மூட்ட தூக்க கூட ஒருத்தரு. அவருக்கு முழம் போடவே தெரியாது.”

காதை மூடிக்கொள்ள எனக்கு மனமில்லை.

“தெரியாத ஆள எதுக்கு நானா கூட்டிக்கிட்டுப் போனாரு?” அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்துக் கேட்டாள் அவள்.

“அவரு துணிக்காரரே இல்ல தங்கச்சி. திருநீறு பூசுற வாத்தியாரு. வெள்ளக்காரன் போகணும், சுயராஜ்யம் வேணும்னு பேசுறவரு. அப்படி ஆள தோட்டத்துத் துரை கேட்டுக்குள்ள விடமாட்டான். துணி விக்கிற எங்காளுகள விடுவான்.”

“லயத்து வீடுகளுக்குள்ள வந்து பேசுனாரா?”

“துணிய விரிச்சா பொம்பளைங்க கூடுவாங்க. அவரு முழம் போட்டுக்கிட்டே பேசுவாரு. பேச்சு வேகத்துல ஒவ்வொரு முழமும் ஒரு சாண் கூடப் போயிரும். மூத்தாப்பா ஒரு வார்த்த சொன்னதில்லயாம்.”

“பிடிபட்டிருந்தா?”

“வாத்தியாரு ஜெயிலுக்குப் போயிருப்பாரு. மூத்தாப்பாட யாவாரம் போயிருக்கும்.”

அவள் நோட்டீஸ் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“லயத்துல பேச எனக்குப் பயமா இருக்கு நானா. நீங்க பேசுங்களேன். மூட்டய நான் தூக்கிக்கிறேன்.”

பஸ் நின்றது. அவர் முந்திக்கொண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு உங்காளு தூக்குனாரு. இன்னைக்கு எங்கட முற. நீங்க பேசுங்க.”