வால்வில் போட்ட துண்டு

எனக்கு வலது முழங்கால் மடங்காது. குந்தினால் ஊசி ஏற்றுவது போல வலிக்கும். நாற்காலி கொடுத்தீர்கள், நல்லதாகப் போயிற்று.

அந்தமானில், ஹட் பேயில் எங்கள் எண்ணெய் மில்லில் கொப்பரை காயவைக்கும் அறையில், தட்டுகளுக்கு அடியில் ஸ்டீம் போகும் சுருள் பைப் ஓடுகிறது; காயில் என்போம். சூடு கொடுத்த ஸ்டீம் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரை மட்டும் வெளியே தள்ளும் சாமானுக்கு டிராப் என்று பெயர். அது காயிலுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குக் கான்கிரீட்டைக் கொத்திக் குழி போட வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு முழம் மேலே வைத்து முடித்துவிட்டேன்.

தண்ணீர் தானாக மேலே ஏறாது. ஸ்டீமை நிறுத்திய பிறகு இரவெல்லாம் காயிலிலேயே கிடக்கும். அதனால் அடியில் ஒரு கைவால்வு வைத்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு அதைத் திறந்து வடித்துவிட்டு, மெயின் வால்வின் சக்கரத்தில் என் துண்டைப் போடுவேன். துண்டு கிடந்தால் வடித்தாயிற்று என்று அர்த்தம். பாய்லர்காரன் நாகலிங்கம் அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டீம் திறப்பான். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"க்யா ராக்கப்பண்ணே, டிராப்ப ஊபர்ல மாட்டிருக்கீங்க? பானி என்ன ஏணி போட்டா ஏறும்?"

"இருபது வருச மிஸ்திரியாச்சே, தண்ணிக்குப் படிக்கட்டு கட்டிருப்பாரு" என்றாள் தேங்காய் உடைக்கும் தங்கம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கோச்சுக்காதீங்கண்ணே. திங்கக்கிழமை ஜகாஜ்ல முதலாளி வர்றாரு, சொல்லி மாத்திடலாம். நீங்க ஒரு நாள் மறந்தா என் உசுருல்ல போயிடும்?"

நாகலிங்கம் நல்லதற்குத்தான் சொன்னான். ஆனால் முதலாளி அதே கப்பலில் என்னை மெயின்லேண்டுக்கு ஏற்றிவிடுவார். ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே போவது?

திங்கட்கிழமை காலை நான் எதையும் உடைக்கவில்லை. கைவால்வைத் தொடவே இல்லை. துண்டை மட்டும் வழக்கம்போலப் போட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்தேன்.

தேங்கிய தண்ணீரை ஸ்டீம் தள்ளினால் சம்மட்டி மாதிரி அடிக்கும். இரண்டு அடி கேட்டது. மூன்றாவதில் பைப் வளைவு பிளந்தது. நாகலிங்கம் அதற்கு நேர் எதிரே நின்றிருந்தான். நான் உள்ளே போனபோது, "அண்ணே, வால்வ மூடுங்க" என்றான். மூடினேன். துண்டை எடுத்துக்கொண்டேன்.

ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் இறந்தான். வால்வை அவசரமாகத் திறந்துவிட்டான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பைப்பை மாற்றும்போதே டிராப்பைக் கீழே இறக்கிவிட்டேன். குழியை வேறு ஆள் கொத்தினார். இப்போது வடிக்கவே வேண்டியதில்லை.

மற்றபடி எனக்கும் அவனுக்கும் எந்தத் தகராறும் கிடையாது. என் மனைவி மரகதத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது, மூன்று நாள் எனக்குப் பதிலாக அவன்தான் ஆறு மணிக்கே வந்து தண்ணீர் வடித்தான். அப்படிக் குனிந்தபோதுதான் டிராப்பைப் பார்த்திருக்கிறான். அந்த மூன்று நாள் டியூட்டியை நான் இன்னும் அவனுக்குத் திருப்பிச் செய்யவில்லை. அவனுக்கு என்னிடம் பாக்கி அது ஒன்றுதான்.