கிரைண்டருக்கு ஒரு பொன்னாடை

வங்கக் கடலே கரையேறி வந்து, வரிசையாய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதோ என்று நான் மலைத்து நிற்கும்படி திரண்டிருக்கும் என் மக்களே! இந்த அவைக்குத் தலைமை தாங்கி, தாங்கிய தலைமையின் கனம் தாளாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மன்றத் தலைவர் ஐயா சக்கரபாணி அவர்களே! முன்வரிசையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து பக்கத்து நாற்காலியில் துண்டை அமர்த்தியிருக்கும் சிறப்பு விருந்தினர், ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் அண்ணல், ஒப்பந்தத் திலகம் பிரேம்குமார் அவர்களே! பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கி, இந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத சொல்தா பெரியவர்களே, முசியேக்களே! சேதராப்பட்டு ஆலைகளில் ஷிப்டு முடித்து, வீட்டுக்குப் போகாமல், காலி சாப்பாட்டு டப்பாவோடு பஸ் பிடித்து நேரே இங்கே வந்திருக்கும் என் தாய்மார்களே! முதல் வணக்கம் உங்களுக்கு. மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு.

நான் கலியபெருமாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிளக்ஸ் கடை வைத்திருப்பவன். இந்தத் திரைக்குப் பின்னால் காத்துக்கிடக்கும் நாடகத்தை எழுதிய சிந்துஜாவுக்குத் தாய்மாமன். நான் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இல்லை. பின் ஏன் நிற்கிறேன்? சற்று முன்பு தலைவர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “கலியபெருமாளு, ரெண்டு நிமிஷம் வாழ்த்திப் பேசிகினு இருப்பா. உள்ள ஒரு சின்ன சாமானு மாத்தணும்.”

சின்ன சாமான்! அது என்ன சாமான் தெரியுமா?

கடைசிக் காட்சியில் மேடையில் நிற்க வேண்டியது ஆலையின் பிரஸ் மிஷின். தகரத்தை அழுத்தி வளைக்கிற மிஷின். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, இந்த மன்றத்தின் சமையல்கட்டிலிருந்து ஒரு கிரைண்டரைத் தூக்கி வந்து நடுமேடையில் வைத்திருக்கிறார்கள். மாவாட்டும் கிரைண்டர்! “கிரைண்டர வெச்சா நாடகம் நடக்கும். மிஷின வெச்சா கதவப் பூட்டிடுவோம்.” இந்த நிமிடம் திரைக்குப் பின்னால் என் மருமகளிடம் மன்றத்தார் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்.

ஏன் கிரைண்டர்? கோபப்படாமல் சொல்கிறேன். இல்லை, அது பொய். கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன்.

என் தொழில் என்ன? ஊதிப் பெருக்குவது! வார்டுக்கு ஒரு மாவீரன், வட்டத்துக்கு ஒரு வள்ளல் என்று வடித்துத் தள்ளுவது! தெருக்குழாயில் ஒருநாள் தண்ணீர் வரவைத்தவருக்கு ‘கங்கையைக் கைப்பிடித்து அழைத்து வந்தவரே’ என்று அடித்துக் கொடுத்தேன். யாராவது ஆதாரம் கேட்டார்களா? நாலு பேருக்கு மோர் ஊற்றியவரைப் ‘பாற்கடலே’ என்றேன். கேட்டார்களா? இதோ, நம் பிரேம்குமார் அவர்களின் பிறந்தநாளுக்கு, கடற்கரைக் காற்றே கிழிக்கத் தயங்கிய அளவில், ‘உழைப்பவர்களின் இரு கரங்களே’ என்று அடித்தேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ‘எங்கே ஆதாரம்’ என்று என் கடை வாசலை மிதித்தது உண்டா?

என் மருமகள் சிந்துஜா எழுதியது என்ன? ஒரே ஒரு சேதி. ‘கை உள்ளே நுழைந்தால் மிஷினை நிறுத்திவிடும் சென்சாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதனால் ஆதிலட்சுமியின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின.’ இவ்வளவுதான். இதில் கங்கை உண்டா? கடல் உண்டா? உவமை என்று ஒரு உப்புக்கல்லாவது உண்டா? இதற்கு ஆதாரம் கேட்காதவர் இந்த ஊரில் யார்?

என்ன தம்பி, பின்வரிசை? “யாரு அந்த ஆதிலட்சுமி?”யா? நல்ல கேள்வி. பிரேம்குமார் அவர்கள் ஆலைக்கு அனுப்பிய ஒப்பந்தக் கூலி. சென்சார் இருந்தால் மிஷின் அடிக்கடி நிற்கிறது, சரக்குக் குறைகிறது என்று அதைக் கழற்றியிருந்த நாளில் அந்த மிஷினில் நின்றவள். விரல் போன கையைத் துப்பட்டாவில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சூப்பர்வைசர் அங்கே வாய் திறந்து சொன்னது: “வீட்ல கிரைண்டர்ல கைய வுட்டுட்டா சார்.” டாக்டர், பாவம், சொன்னதை எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்றாகிவிட்டது. அங்கே பிறந்ததுதான் ஐயா, இந்தக் கிரைண்டர்!

அப்போது சிந்துஜா ஒரு பத்திரிகையில் நிருபர். புதிது. ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனாள், கேட்டாள், ஆலை வாசலில் நின்றாள், கூட வேலை செய்தவர்களிடம் பேசினாள், எழுதிக் கொடுத்தாள். காலையில் நான் பேப்பரைப் பிரித்தால், ‘மாவு அரைத்தபோது பெண் காயம்.’ கீழே ஒரு கட்டம். கட்டத்துக்குள், ‘கிரைண்டரைக் கையாளும்போது இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியவை!’ ஈரக்கையோடு தொடாதீர்கள். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே! சரி, சிரியுங்கள். அதற்கு மேலே அரைப்பக்க விளம்பரத்தில் யார் படம்? நான் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் ஒருவர் துண்டால் முகம் துடைக்கிறார் பாருங்கள்.

சிந்துஜா ஆசிரியரிடம் போய் நின்றாள். அவர் சொன்னாராம்: “ஏம்மா, ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கறதுதான் செய்தி. மத்ததெல்லாம் கதை. கதை எழுதணும்னு ஆசையா இருந்தா கதை எழுது. யாரு வேணாம்னது?”

எழுதினாள் ஐயா, கதை! அந்த ஆசிரியரின் வாயில் சர்க்கரையைக் கொட்ட வேண்டும், மூட்டையோடு! இரவு பகலாய் எழுதி, சென்னையில் ஒரு மாத இதழுக்கு அனுப்பினாள். அங்கிருந்து போன். “கதை பிரமாதம் சிந்துஜா. ஆனா மிஷின், ஷிப்டு, சென்சார்னு படிக்க செய்தி மாதிரி இருக்கு. கொஞ்சம் ஈரம் வேணும். அந்த மிஷின எடுத்துட்டு வீட்டுக்குள்ள ஒரு கிரைண்டர வெச்சுப் பாருங்களேன். குடும்பம் வந்துடும், மாமியார் வந்துடுவாங்க.”

கேட்டீர்களா? செய்திக்காரர் ‘இது கதை’ என்றார். கதைக்காரர் ‘இது செய்தி’ என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேர் வீட்டிலும் ஒரே கிரைண்டர் ஓடுகிறது!

ஒரு நிமிடம். தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கமாக முடிக்கவும்.’ ஆகட்டும் ஐயா. சூரியனும் சுருக்கமாகத்தான் உதிக்கிறது. இந்தச் சீட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு நான் சினிமாவுக்கு வருகிறேன்.

அந்தக் கதையைத் தானே சிறு புத்தகமாகப் போட்டாள். அது எப்படியோ ஓர் இயக்குநர் கைக்குப் போயிற்று. “வாம்மா, வசனம் எழுது” என்று கூப்பிட்டார். நான் பஸ் நிலையம் முழுக்கப் பிளக்ஸ் வைத்தேன். ‘கோடம்பாக்கத்தைக் குலுக்கப் புறப்பட்ட புதுவைப் புயலே!’ அவள் தலையிலடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். அங்கே அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இயக்குநருக்குத் திடீரென்று அருள் வந்துவிட்டது. எழுந்து நின்று சொல்கிறார்: “ஆதிலட்சுமிய ஹீரோவோட அம்மா ஆக்கறோம். ஹீரோவுக்கு இட்லின்னா உயிரு. அவனுக்காக மாவாட்டறாங்க. கிரைண்டர்ல கை போவுது. ஹீரோ பாக்கறான். இன்டர்வெல்!”

மக்களே, நன்றாகக் கவனியுங்கள். சிந்துஜா அவரிடம் கிரைண்டர் என்ற சொல்லையே சொல்லவில்லை. புத்தகத்தில் அது இல்லை. சூப்பர்வைசரை அந்த இயக்குநர் கனவிலும் கண்டதில்லை. பின் எப்படி வந்தது? எந்தக் காற்றில் பறந்து வந்தது? எந்த ரயிலில் ஏறி வந்தது? நான் சொல்கிறேன். பெண்ணின் கை என்று சொன்ன மாத்திரத்தில், நம் ஆண்பிள்ளை மூளை தலைதெறிக்க ஓடிப்போய் மூச்சுவாங்கி நிற்கிற இடம் சமையல்கட்டு! அந்தக் கை இரும்பை வளைக்கும், தகரத்தை அறுக்கும், ராத்திரி ஷிப்டு பார்க்கும் என்று சொன்னால் அந்த மூளைக்கு வலிக்கிறது. சூப்பர்வைசர் பொய்யைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை ஐயா. நம் எல்லோர் மண்டையிலும் தயாராக இருந்ததை எடுத்து நீட்டினான், அவ்வளவுதான்!

கைதட்டாதீர்கள். அவமானப்பட வேண்டிய இடத்தில் கைதட்டினால் எனக்குக் குழப்பமாகிவிடும்.

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பஸ் நிலையத்தில், நான் வைத்த பிளக்சுக்குக் கீழேயே நிற்கிறாள். “இன்னாடி ஆச்சு?” என்றேன். “கிரைண்டரு மாமா” என்றாள். எனக்குப் பேச்சு நின்றுபோயிற்று. எனக்கு, ஐயா! எனக்கு!

அப்புறம்தான் நாடகம். “அச்சடிக்க ஒருத்தர் வேணும், படம் புடிக்க ஒருத்தர் வேணும். நிக்கறதுக்கு யாரு வேணும் மாமா? நாமளே நிப்போம்” என்றாள். என் கடை மொட்டைமாடியில் ஒத்திகை. அந்த பிரஸ் மிஷினைச் செய்தவன் அடியேன். பழைய பிளக்ஸ் சட்டங்களை அறுத்து, ஆணி அடித்து, வெள்ளிப் பெயின்ட் பூசிச் செய்தேன். பிரேம்குமார் அவர்களே, தங்கள் பிறந்தநாள் சட்டமும் அதில் இருக்கிறது. நல்ல தேக்கு. நன்றாகத் தாங்குகிறது.

நடிப்பவர்களில் ஆதிலட்சுமியும் உண்டு. ஆனால் ஆதிலட்சுமியாக அல்ல. அந்த வேடத்தை வேறொரு பெண் போடுகிறாள். இவள் போடுவது சூப்பர்வைசர் வேடம்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏம்மா, வேற வேஷமே கெடைக்கலியா?” என்று கேட்டேன். சொன்னாள்: “அவன் அன்னிக்கு எப்பிடிச் சொன்னான்னு எனக்குத்தாண்ணே தெரியும். சொல்லிட்டு என்னப் பாத்துத் தலைய ஆட்டுனான், ‘ஆமான்னு சொல்லு’ன்றாப்ல. அத வேற யாராலும் ஆட்ட முடியாது.”

நஷ்டஈடு கேட்டு வழக்கு நடக்கிறது. அது நடக்கட்டும். அவளுக்கு எரிவது வேறு. “எங்க தெருவுல ஒரு விசேஷம்னா, மாவாட்டற பக்கம் போனாலே, ‘ஆதிலட்சுமி, நீ தள்ளி நில்லு, ஒனக்கு ராசியில்ல’ன்றாளுவ. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல, ‘ஒங்கம்மாளுக்கு மாவாட்டக்கூட தெரியாதாமே’ன்னு கேக்குறாங்களாம். நான் எத்தினி வருசமா இரும்போட வேல செஞ்சவண்ணே. என்ன மாவுல கொண்டாந்து தள்ளிட்டாங்களே.” இந்த நாடகம் அவளுக்கு என்ன என்று இப்போது புரிகிறதா? அந்த மேடையில் மிஷின் நிற்கிற ஒரு சாயங்காலம் வேண்டும் அவளுக்கு. ஊர் பார்க்க, மகள் பார்க்க. அந்த மகள் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மேடையிலும் கொண்டுவந்து வைத்தீர்களே ஐயா கிரைண்டரை! செய்தியில் வைத்தீர்கள், கதையில் வைக்கச் சொன்னீர்கள், சினிமாவில் சுழல விட்டீர்கள், கடைசியில் அவள் நிற்கப்போகும் பலகையிலும் கொண்டுவந்து வைத்தீர்களே!

இன்னொரு சீட்டா? ‘நினைவுப் பரிசு வழங்கும் நேரம்.’ அடடா! தலைவரே, தங்கள் வாயில் தேன்! நினைவுப் பரிசை நானே வழங்குகிறேன். ஷிப்டு முடித்து வந்த தாய்மார்களில் நாலு பேர் மேலே வாருங்கள். ஆறு பேர் வருகிறீர்களா? வாருங்கள். திரையைத் தள்ளி, அந்தக் கிரைண்டரைத் தூக்கி வாருங்கள். மன்றத்தாரே, வழிவிடுங்கள், பாரம் தூக்கி வருகிறார்கள். அப்படித்தான். என் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தட்டில் இருக்கும் பொன்னாடையைக் கொடுங்கள். யாருக்கு வாங்கியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தகுதி இதற்குத்தான்!

கிரைண்டரே! உனக்கு அணிவிக்கிறேன் இந்தப் பொன்னாடையை! ஒற்றை மனிதரைக் காப்பாற்ற உன்னைப்போல் உழைத்தவர் இந்த ஊரில் உண்டா? ஒரு கைப்பிடி அரிசி போடாமல் ஊரையே அரைத்தவர் உண்டா? நீ வாழ்க! உன் குழவி வாழ்க! உன் பணி இன்றோடு நிறைவு பெறுக!

தாய்மார்களே, கீழே இறக்கி, சிறப்பு விருந்தினர் மடியில் வையுங்கள். எழ வேண்டாம் ஐயா, உட்கார்ந்தே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். ஏன் கையை இழுத்துக்கொள்கிறீர்கள்? ஒயர் தரையில் கிடக்கிறது. பிளக்கே சொருகவில்லை. பயப்படாதீர்கள். அது யார் விரலையும் எடுக்காது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது இங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்!

கதவைப் பூட்டுவேன் என்றீர்களே தலைவரே? பூட்டுங்கள். நாங்கள் எல்லோரும் உள்ளேதான் இருக்கிறோம். சிறப்பு விருந்தினரும் உள்ளேதான் இருக்கிறார். நாடகம் முடியும்வரை யாரும் வெளியே போகாமல் பூட்டி வைத்தால் எழுதியவளுக்கு அதைவிட மரியாதை ஏது?

திரை ஓரத்தில் சிந்துஜா எட்டிப் பார்க்கிறாள். “மாமா, போதும் மாமா, நீ பேசுனா பொழுது விடிஞ்சிடும்” என்கிறாள். சரிடி, முடித்துவிட்டேன். மேடை ஏறும்போது நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா, மத்தவங்களப் பத்தி எவ்ளோ வேணா ஊது. அந்தக்கா விஷயத்துல மட்டும் உள்ளதச் சொல்லு.” மக்களே, கங்கை பொய், பாற்கடல் பொய், புதுவைப் புயல் கொஞ்சம் பொய். ஆதிலட்சுமியைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல் நான் கூட்டவில்லை. என் தொழிலுக்கே அது பெரிய நஷ்டம்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்க முடியாமல் நெளிந்தவர்களுக்கு, சொல்தா ஐயாமார் முறைப்படி, பிரெஞ்சில் ஒரு பெரிய மெர்சி. ஷிப்டு முடித்து வந்த தாய்மார்களுக்கு மறுபடியும் வணக்கம்.

விளக்கை அணையுங்கள். மிஷினை நடுவில் கொண்டுவந்து வையுங்கள். ஆதிலட்சுமி, வா தாயே! அவன் தலையை எப்படி ஆட்டினான் என்று இந்த ஊருக்கு ஒருமுறை ஆட்டிக் காட்டு!