கடிதத்தில் சாப்பிட்ட சோறு

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் ஒரு நாள், செலண்டாரிலிருந்து மலாக்காவுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு மாணவன் கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூரில் விவசாயம் படிக்கிறவன், விடுமுறையில் ரப்பர் வேலை பழகக் கப்பலேறி வந்தவன் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில், அவன் வேலை பழகும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண்.

“மத்தியானம் எல்லாரும் மரத்தடியில உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடுறோம்னு அம்மாவுக்கு எழுதிட்டேன்க்கா,” என்றான்.

“சோறா? பையில ஒரு பிடி இருந்தாலே தோட்டத்து கேட்டுல போலீஸ் புடிச்சிருவான் லா.”

“காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போயிரும்னு சோறு கொண்டுபோக விடமாட்டாங்க, வேலை முடியுற வரைக்கும் பட்டினிதான்னு எழுதினா, அடுத்த கப்பல்லயே திரும்பி வரச் சொல்லிருவாங்க.”

அவள் அவன் கையிலிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“நான் என்ன கொண்டுவந்தேன்னு எழுதினீங்க?”

“புளிச்சோறு.”

“கருவாடும் சேத்துக்குங்க.”

“எங்க வீட்டுல கருவாடு சாப்பிட மாட்டோம்க்கா. அம்மா நம்ப மாட்டாங்க.”

“உங்களுக்கு வேணாம், தம்பி. எனக்குன்னு எழுதுங்க.”