மேலேயிருந்து எண்ணினவன்

அந்தப் பக்கம் சாயாதீங்க மேடம், நடுப்பலகையிலயே உக்காருங்க. ஃபைலை மடியில வச்சுக்கோங்க, கீழ வச்சா நனைஞ்சுடும். ஓட்டையெல்லாம் இல்ல, துடுப்புல தெறிக்கிற தண்ணிதான். ஆமா, அதோ தெரியுதே, அந்த மரக்கூட்டம்தான். பாத்தா கிட்டக்க இருக்குற மாதிரி இருக்கும், போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். மோட்டார் படகா? இருக்கு. ஆனா கூடு கட்டுற மாசத்துல இந்த ஏரிக்குள்ள மோட்டார் போடக் கூடாது. விதி. பாருங்க, விசாரிக்க வந்த அதிகாரி நீங்க, உங்களுக்கே நான் விதி சொல்லிட்டு இருக்கேன்.

கேளுங்க, தாராளமா கேளுங்க. வாக்குமூலத்துல எழுதிக் குடுத்ததுதான். இருந்தாலும் சொல்றேன். நான் இந்தப் பறவைச் சரணாலயத்துல வாட்சர், காவல் ஆள். பத்தொன்பது வருஷமா. ட்ரோன் ஓட்டினவன் எனக்குச் சகலை. என் சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரன். இல்ல மேடம், அதை எழுதல. யாரும் கேக்கல, நானும் சொல்லல.

அவன் கெட்டவன்னு நான் சொல்லவே மாட்டேன். சின்ன வயசு. சின்ன வயசு என்ன, முப்பத்தாறு ஆச்சு, ஆனா முகத்தைப் பாத்தா காலேஜ் பையன் மாதிரி இருப்பான். அது ஒரு ராசி. முன்னாடி கல்யாண வீடியோ எடுத்துட்டு இருந்தான். பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேல ஒரு மிஷின் கொய்யினு சுத்துமே, அது இவன் வேலைதான். அப்புறம் என்னமோ பரீட்சை எழுதி லைசென்ஸ் எல்லாம் வாங்கினான். போன வருஷம் எங்க ஆபீஸ்ல, கூடு கணக்கெடுக்க ட்ரோன் ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அதைப் போட்டோ புடிச்சு அவனுக்கு அனுப்பினது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். என் கையால நானே அனுப்பி வச்சேன். சகலைக்கு ஒரு வழி பண்ணின மாதிரி இருக்கட்டுமேன்னு, பெரிய மனுஷத்தனம்.

அதுவரைக்கும் கூடு எண்ணுறது என் வேலை மேடம். என் வேலைன்னா என் வேலை மட்டும்தான். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் இருக்கு பாருங்க, கிட்டப் போனதும் காட்டுறேன், வெள்ளை பெயின்ட்ல, நான் எழுதினது. விடியறப்ப படகை எடுத்தா, அண்ணாந்து பாத்துக்கிட்டே ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவுல தள்ளிக்கிட்டுப் போவேன். கையில அமுக்கி எண்ணுற மிஷின். கூழைக்கடா தனி, கொக்கு தனி, நீர்க்காகம் தனி. மூணு நாள் ஆகும். மேல இருந்து எச்சம் விழும், தொப்பி, தோள், வாயை மூடாம இருந்தா வாயிலயும் விழும். சிரிங்க, பரவாயில்ல. மூணாம் நாள் கழுத்து திரும்பாது. அந்த நம்பரை ஆபீஸ்ல கொண்டுபோய்ச் சொன்னா ரேஞ்சர் எந்திரிச்சு நின்னு போர்டுல எழுதுவார். மாமனார் வீட்டுக்குப் போனா அவரும் கேப்பார், என்ன மாப்பிள்ளை, இந்த வருஷம் எத்தனைன்னு. நான் சொல்லுவேன். எல்லாரும் கேப்பாங்க. அவ்வளவுதான் என் பெருமை. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

இந்த வருஷம் நான் எண்ணினது அறுநூத்திப் பன்னெண்டு கூடு.

அவன் கரையில மடக்கு நாற்காலி போட்டு உக்காந்தான். பக்கத்துல ஃப்ளாஸ்க். நாப்பது நிமிஷம். எத்தனை சொன்னான் தெரியுமா? எண்ணூத்தி நாப்பத்தேழு.

தப்பு இல்ல மேடம், சரிதான். நானும் அந்தப் படத்தைப் பாத்தேன். கூழைக்கடா உச்சாணிக் கிளையில கட்டும். கீழருந்து பாத்தா இலைதான் தெரியும், கூடு தெரியாது. ஒவ்வொரு வருஷமும் நான் இருநூறு, இருநூத்தைம்பது கூட்டைத் தவறவிட்டிருக்கேன். ரேஞ்சர் எல்லார் முன்னாடியும் கேட்டார், இத்தனை வருஷமா நீ என்னத்தய்யா எண்ணினேன்னு. விளையாட்டாத்தான் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க.

என் மேல தப்பில்லைங்கிறீங்களா? உங்களை மாதிரியேதான் அவனும் சொன்னான். அண்ணன் மேல தப்பில்ல சார், கீழருந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும், அவர் நம்பர் போட்டு வச்சதாலதான் நான் மரத்துக்கு மரம் பிரிச்சு எண்ண முடிஞ்சதுன்னு. எனக்காகப் பரிஞ்சு பேசுறான். திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். பரிஞ்சு பேசினா என்ன பண்றது சொல்லுங்க? உள்ளுக்குள்ள மிளகாய அரைச்சுத் தடவின மாதிரி இருந்துச்சு.

அதோட விட்டானா? ஒரு போட்டோவை வீட்டு க்ரூப்ல போட்டான். நான் படகுல போறது, மேலருந்து எடுத்தது. அழகான படம்தான். பச்சைத் தண்ணி, நடுவுல தீப்பெட்டி மாதிரி படகு, அதுல வட்டமா, பளபளன்னு ஒண்ணு. என் வழுக்கை. அன்னைக்குப் பாத்துத் தொப்பியைக் கழட்டி வச்சிருந்தேன். என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பா, நிலா தண்ணியில விழுந்த மாதிரி இருக்குப்பான்னு. என் சம்சாரம் அதைத்தான் ஃபோன்ல முன்னாடி வச்சிருக்கா, எடுன்னாலும் எடுக்க மாட்டேங்குறா. எவ்வளவு நல்லா எடுத்திருக்கார்னு சொல்றா. எடுத்திருக்கார். எனக்கு ஒரு நாளும் இந்த ர் வந்ததில்ல. மாமனார் இப்ப எண்ணிக்கையை அவன்கிட்டத்தான் கேக்குறார்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா... அதுவும் விசாரணையில ஒரு பகுதிதானே. சரி, அன்னைக்கு நடந்ததுக்கு வரேன்.

குஞ்சு பொரிச்சு மூணு வாரம் ஆயிருந்துச்சு. மேலிடத்துல குஞ்சு எத்தனைன்னு ஒரு கணக்கு கேட்டாங்க. ஒரே ஒரு தடவை பறக்க அனுமதி. கடிதாசு உங்க ஃபைல்ல இருக்கும். நூறு மீட்டருக்குக் கீழ வரக் கூடாது, கரையில கொடி நட்ட இடத்துல இருந்துதான் கிளப்பணும், காத்து அடிச்சா கிளப்பக் கூடாது. முக்கியமா, பக்கத்துல ஒரு வாட்சர் பைனாகுலரோட நிக்கணும். ஏன்னா ஓட்டுறவன் கண்ணு திரையில இருக்கும், அவனுக்குப் பறவையோட குணம் தெரியாது. கூட்டுல உக்காந்திருக்கிறது எந்திரிச்சு நின்னா வாட்சர் நிறுத்துங்கணும். றெக்கையை விரிச்சா திருப்புங்கணும். வாட்சர் சொல்றதுதான் முடிவு. அந்த வாட்சர் நான்.

காலையில எட்டு மணி. காத்தே இல்ல. நூறு மீட்டர்ல ரெண்டு சுத்து சுத்தினான். நல்லாத்தான் போச்சு. ஆனா எதிர் வெயில், கிளை நிழல் கூட்டு மேல விழுந்து குஞ்சு சரியாத் தெரியல. அப்புறம்... எறங்குச்சு. எம்பது, அறுபது, முப்பது. எவ்வளவு உயரம்னு மிஷினே நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வச்சிருக்கு மேடம், நீங்களும் பாத்திருப்பீங்க. யார் சொல்லி எறங்குச்சுன்னு மட்டும் அதுல இல்ல.

முதல்ல நாலாம் நம்பர் மரத்துல ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. அப்புறம் பக்கத்துல. அப்புறம் அத்தனையும் ஒரே நேரத்துல கிளம்புச்சு. கூழைக்கடா எவ்வளவு பெருசுன்னு தெரியுமில்ல? அதுங்க நூத்துக்கணக்குல ஒண்ணா எழும்பினா காதே அடைச்சுடும். கூடெல்லாம் ஆடுச்சு. குஞ்சுக்கு இன்னும் றெக்கை முளைக்கல, விளிம்புல நின்னது தண்ணியில விழுந்துச்சு. அப்பா அம்மா இல்லாத நேரம் பாத்து காக்கா வந்துடுச்சு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள எங்கருந்துதான் மோப்பம் புடிச்சு வருமோ.

துறைக்கு ஓடிப் போய் இதே படகைத்தான் எடுத்தேன். கை வீங்குற அளவுக்குத் துடுப்புப் போட்டேன். நான் வந்து சேர்றதுக்குள்ள அவன் கொடிகிட்டருந்து நேரா சட்டையோட நீந்தி வந்துட்டான். கழுத்தளவு தண்ணியில நின்னு குஞ்சை எடுத்து எடுத்துப் படகுல போட்டான். அழுதுக்கிட்டே போட்டான். அறுபத்தி மூணு எடுத்தோம், உயிரோட இருந்தது பதினொண்ணு. இந்தப் பக்கத்து மரங்களுக்குப் பறவை திரும்பி வரல. நீங்களே பாருங்க, வெறும் குச்சிதான் இருக்கு. அந்த முனையில மட்டும் கொஞ்சம் தங்கியிருக்கு.

அன்னைக்குச் சாயங்காலமே வாக்குமூலம் எழுதச் சொன்னாங்க. எச்சரித்தேன், அவர் கேட்கவில்லைன்னு எழுதினேன். அப்படித்தான் இருக்கு, நாலாம் பக்கத்துல. அவன் லைசென்ஸை முடக்கிட்டாங்க. கேஸும் போட்டாச்சு, மூணு வருஷம் உள்ள போகலாம்னு சொல்றாங்க.

வீட்டுல என்ன சொன்னாங்களா? என்ன சொல்லுவாங்க. என் மச்சினி வந்தா, அவன் பொண்டாட்டி. நின்னுக்கிட்டே பேசினா. மாமா, இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் நீங்க சொல்லியும் அவர் கேக்கலையே, அவருக்காக நான் மன்னிப்பு கேக்குறேன்னு. நான் பரவாயில்ல விடும்மான்னு சொல்லி அனுப்பினேன். ஆமா மேடம். அப்படியேதான் சொன்னேன். மாமனார் ஃபோன் பண்ணினார், மாப்பிள்ளை உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் அவர்னு. ரொம்ப நாள் கழிச்சு அவர் வாயில அப்படி ஒரு வார்த்தை. பொய் சொல்ல மாட்டேன், இனிச்சுது. ஒரு ராத்திரி இனிச்சுது.

போன செவ்வாய்க்கிழமை ரேஞ்சர் ஆபீஸ்ல அவனைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு, ஜன்னல் தொறந்திருந்துச்சு. வாட்சர் நிறுத்தச் சொன்னாரா இல்லையான்னு கேட்டாங்க. நான் நினைக்கிறேன், இப்ப போட்டு உடைக்கப் போறான், என் மானம் இன்னையோட போச்சுன்னு. அப்புறம் சொன்னான், மிஷின் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல சார், அண்ணன் சொல்லியிருப்பார், அவர் சொல்லாம இருக்க மாட்டார்னு.

அந்த மிஷின் அப்ப எங்க தலைக்கு மேல இல்ல மேடம். ஏரிக்கு நடுவுல இருந்துச்சு. நான் அவன் தோளுக்குப் பக்கத்துல நின்னேன். கொசு பறந்தா கேக்கும்.

வெளிய வந்தான். என்னைப் பாத்தான். முறைச்சிருந்தாக்கூட எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு எறங்கியிருக்கும். சாப்பிட்டீங்களா அண்ணேன்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

அதுதான் மேடம் தாங்கல. எண்ணிக்கை அவனுக்குப் போச்சு. மாமனாரும் அவன் பக்கம் போயிட்டார். என் வீட்டு ஃபோன்ல கூட அவன் எடுத்த படம்தான் இருக்கு. எல்லாத்தையும் ஒருத்தனுக்கே குடுத்தாச்சு. இப்ப என்னைக் காப்பாத்திட்டு ஜெயிலுக்குப் போய், நல்லவன்ங்கிற பேரையும் அவனே எடுத்துக்கணுமா? நான் அவன் புண்ணியத்துல பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்கணுமா? முடியாது. அதையாவது நான் விட மாட்டேன்.

அதனால நாலாம் பக்கத்துல எச்சரித்தேன்னு இருக்குல்ல, அதை அடிச்சுடுங்க. எறக்குன்னு சொன்னது நான். நூறுன்னு போட்டிருக்கே அண்ணே, குஞ்சு தெரியலைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னுதான் அவன் சொன்னான், ரெண்டு தடவை. அந்த விதியை எழுதினவன் இந்தப் பறவையைக் கண்ணால பாத்ததில்ல, நான் பத்தொன்பது வருஷமா பாக்குறேன், எறக்குடான்னேன். நாலாம் மரத்துல அது எந்திரிச்சு நின்னதைப் பைனாகுலர்ல பாத்துட்டேதான் இருந்தேன். எப்படி இருக்கு அண்ணேன்னு கேட்டான். நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம்னேன். ஒரு கிளையில முட்டி அந்த மிஷின் தண்ணியில விழணும்னு மட்டும்தான் ஆசைப்பட்டேன் மேடம். பறவையைப் பத்தி நினைக்கவே இல்ல. என் பேச்சை அவன் நம்பினான், அவ்வளவுதான் அவன் பண்ணின தப்பு.

எழுதிக்கிட்டீங்களா? கையில துடுப்பு இருக்கு, கரைக்குப் போனதும் கையெழுத்துப் போடுறேன். தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, கிளை தாழ்வா இருக்கும்.